ஏழாண்டுப் போர்: யார் யாரோடு, எதற்காக?

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் மூன்றாம் கர்நாடகப் போர் என்று ஒரு பாடம் வரும். வந்தவாசி, 1760, ஆங்கிலேயர் பக்கம் ஐர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி. அதே புத்தகத்தில் பிளாசிப் போர் தனிப் பாடம். அமெரிக்க வரலாறு படிப்பவர்களுக்கு 'பிரெஞ்சு இந்தியப் போர்' என்று ஒன்று உண்டு. அங்கே இந்தியர் என்றால் அமெரிக்கப் பழங்குடி மக்கள். ஜெர்மனியில் 'மூன்றாம் சிலேசியப் போர்' என்று படிப்பார்கள். நான்கு பாடம், நான்கு பெயர். ஆனால் நான்கும் ஒரே காலத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. சேர்த்துச் சொல்லும்போது ஏழாண்டுப் போர் என்பார்கள். ஐரோப்பாவில் அது 1756 முதல் 1763 வரை நடந்தது.

நானும் இவற்றைத் துண்டு துண்டாகத்தான் படித்தேன். ஒரே கதை என்று புரிய வெகு காலம் பிடித்தது. புதிதாகப் படிப்பவர்களைப் பெரும்பாலும் மிரள வைப்பது சண்டைகளின் பட்டியல். அதை விட்டுவிடலாம். யார் யாரோடு சேர்ந்தார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டியிருந்தது என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை அதன் பின்னால் வந்துவிடும்.

சிலேசியா என்ற புண்

1740-ல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. 23 வயது மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்தார். வடக்கே பிரஷ்யாவில் அதே ஆண்டு பட்டம் ஏறியிருந்தவர் 28 வயது இரண்டாம் ஃபிரெடெரிக். அப்பா விட்டுப்போன நல்ல படையும் நிறைந்த கஜானாவும் அவர் கையில் இருந்தன. அந்த டிசம்பரிலேயே ஆஸ்திரியாவுக்குச் சொந்தமான சிலேசியாவுக்குள் நுழைந்து பிடித்துக்கொண்டார். இன்றைக்குப் பெரும்பகுதி போலந்தில் இருக்கும் அந்த நிலம் நெசவும் சுரங்கமும் செழித்த வளமான மாகாணம்.

எட்டு ஆண்டுகள் போர் நடந்தது. பிரான்சும் பிரஷ்யாவும் ஒரு பக்கம், ஆஸ்திரியாவும் பிரிட்டனும் மறுபக்கம். 1748-ல் சமாதானம் ஆனபோதும் சிலேசியா பிரஷ்யாவிடமே நின்றது. அந்தப் போரின் நடுவில், 1746-ல், பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்திருந்தார்கள். சமாதான ஒப்பந்தத்தில் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. பதிலுக்கு இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள லூயிபூர் கோட்டை பிரான்சுக்குத் திரும்பியது. கோரமண்டலக் கரையில் ஒரு ஊர், அட்லாண்டிக் கரையில் ஒரு கோட்டை, இரண்டும் ஒரே தராசில். அந்தக் காலத்துக் கணக்கு இப்படித்தான் ஓடியது.

மரியா தெரேசாவுக்குச் சிலேசியா போனது ஆறாத புண். அதை எப்படி மீட்பது என்று யோசித்தவர் அவருடைய அமைச்சர் கவுனிட்ஸ். அவருடைய யோசனை அன்றைக்குக் கேட்டவர்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும். ஆஸ்திரியாவும் பிரான்சும் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகப் பகையாளிகள். அந்தப் பிரான்சோடு கைகோக்க வேண்டும் என்றார் கவுனிட்ஸ். பிரிட்டன் தூரத்தில் இருந்து பணம் தரும், ஆனால் சிலேசியாவை மீட்டுத் தராது. பிரஷ்யாவைத் தனியாக்க வேண்டுமானால் அதன் பெரிய நண்பனைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

கூட்டணி மாறிய கதை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். முழுப் போரின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே அமெரிக்காவில் சண்டை வந்துவிட்டது. ஓஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்கு யாருக்கு என்று பிரெஞ்சுக்காரர்களுக்கும் வர்ஜீனியாக்காரர்களுக்கும் தகராறு. 1754 மே மாதம் வர்ஜீனியாப் படையோடு போன ஒரு 22 வயது அதிகாரி பிரெஞ்சுக் குழு ஒன்றின் மீது சுட்டார். அந்தக் குழுவின் தலைவர் கொல்லப்பட்டார். சுடச் சொன்ன அதிகாரியின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். ஓஹையோ ஏற்கெனவே அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களின் நிலம் என்பது இரண்டு தரப்புக்கும் பெரிதாகப் படவில்லை.

இனி பிரான்சோடு பெரிய போர் வரும் என்று லண்டனுக்குத் தெரிந்துவிட்டது. பிரிட்டனின் அரசர் இரண்டாம் ஜார்ஜுக்கு ஒரு தனிக் கவலை. அவர் ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நாட்டுக்கும் அதிபதி. பிரிட்டனைச் சுற்றிக் கடல் காவல். ஹனோவரைச் சுற்றி வெறும் வயல். பிரான்ஸ் அதைப் பிடித்தால் என்ன செய்வது? முதலில் ரஷ்யாவுக்குப் பணம் தந்து காவலுக்கு ஏற்பாடு செய்தார்கள். அப்புறம், 1756 ஜனவரியில், பிரஷ்யாவோடேயே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஜெர்மன் மண்ணுக்குள் அந்நியப் படை எது வந்தாலும் இருவரும் சேர்ந்து தடுப்போம்.

ஃபிரெடெரிக்கின் கணக்கு இது: ரஷ்யா பிரிட்டனிடம் பணம் வாங்குகிறது, ஆகவே பிரிட்டனோடு சேர்ந்தால் ரஷ்யா நம் மேல் பாயாது. அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பியது. ரஷ்யப் பேரரசி எலிசபெத் ஃபிரெடெரிக்கை அடியோடு வெறுத்தவர். பிரஷ்யாவுக்கு எதிராகத்தான் அவர் பிரிட்டனோடு சேர்ந்திருந்தார். அந்த பிரிட்டனே பிரஷ்யாவோடு கைகுலுக்கியதும் கொதித்துப்போனார். பிரான்சுக்கோ, தன் கூட்டாளி தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எதிரியோடு பேசி முடித்துவிட்டான் என்ற ஆத்திரம். கவுனிட்ஸ் பல ஆண்டுகள் தட்டிய கதவு உடனே திறந்தது. 1756 மே 1 அன்று வெர்சாயில் பிரான்சும் ஆஸ்திரியாவும் ஒப்பந்தம் போட்டன: எங்களில் யாரையாவது தாக்கினால் மற்றவர் 24,000 வீரர்களை அனுப்புவோம்.

இப்படிப் பழைய ஜோடிகள் மாறிவிட்டன. பிரிட்டனும் பிரஷ்யாவும் ஒரு பக்கம். பிரான்ஸ், ஆஸ்திரியா, ரஷ்யா, பின்னால் ஸ்வீடனும் மறுபக்கம். மாறாமல் இருந்தவை இரண்டு பகைகள் மட்டும்: பிரிட்டன்–பிரான்ஸ், பிரஷ்யா–ஆஸ்திரியா. வரப்புத் தகராறு உள்ளவனும் கடன் தகராறு உள்ளவனும் பஞ்சாயத்தில் ஒரே பக்கம் உட்கார்ந்தது போல. பிரான்சுக்குச் சிலேசியா தேவையில்லை. ஆஸ்திரியாவுக்குக் கனடா தேவையில்லை.

'தாக்கினால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இது தற்காப்பு ஒப்பந்தம். அடுத்த ஆண்டு எல்லாரும் சேர்ந்து தன்மேல் விழுவார்கள் என்று உளவுச் செய்தி வந்ததும், ஃபிரெடெரிக் காத்திருக்காமல் 1756 ஆகஸ்ட் 29 அன்று சாக்சனிக்குள் புகுந்தார். ராணுவக் கணக்கில் அது அவருக்கு லாபம். சாக்சனியின் பணத்தையும் ஆட்களையும் போர் முழுக்கக் கறந்தார். ஆனால் முதலில் அடித்தவர் அவர் என்று ஆகிவிட்டதால், எதிர்த்தரப்பின் ஒப்பந்தங்கள் எல்லாம் உயிர்பெற்றன.

மூன்று பக்கமும் எதிரி

பிரஷ்யாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. பிரான்சில் மட்டும் சுமார் இரண்டரைக் கோடிப் பேர். பிரஷ்யா எப்படித் தாங்கியது?

ஃபிரெடெரிக் திறமையான தளபதி என்பது உண்மை. 1757 ஜூனில் கோலினில் ஆஸ்திரியர்களிடம் மோசமாகத் தோற்றவர், நவம்பர் 5-ல் ராஸ்பாக்கில் தன்னைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்த பிரெஞ்சு–ஜெர்மன் படையை ஒன்றரை மணி நேரத்தில் சிதறடித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 5-ல், நாட்டின் மறுகோடியான சிலேசியாவில் லாய்தன் என்ற இடத்தில் ஆஸ்திரியர்களை வென்றார். நடுவில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு: இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்க அவனுக்குத் தூரம் குறைவு.

ஆனால் அவர் பிழைத்ததற்குத் திறமையைவிடப் பெரிய காரணம் எதிர்க் கூட்டணியின் பிளவு என்றுதான் நான் நினைக்கிறேன். 1759 ஆகஸ்ட் 12-ஐப் பாருங்கள். ஓடர் ஆற்றங்கரையில் குனெர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் ரஷ்யர்களும் ஆஸ்திரியர்களும் சேர்ந்து பிரஷ்யப் படையை நொறுக்கினார்கள். 50,000 பேரில் ஏறக்குறைய 19,000 பேர் இறந்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். ஃபிரெடெரிக்கின் குதிரைகள் அவருக்குக் கீழேயே சுடப்பட்டு விழுந்தன. எல்லாம் முடிந்தது என்று பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். பெர்லின் அங்கிருந்து சில நாள் நடை. வழியில் தடுக்க ஆளில்லை.

அவர்கள் போகவில்லை. ரஷ்யத் தளபதி சால்டிகோவ், ரத்தம் சிந்தியது பெரும்பாலும் என் ஆட்கள், இனி ஆஸ்திரியர் முன்னால் போகட்டும் என்ற நிலையில் இருந்தார். ஆஸ்திரியத் தளபதி டவுனின் கண் சிலேசியா மீது. பெர்லின் அவருக்கு இரண்டாம்பட்சம். சாப்பாட்டுக்கு மாவு யார் தருவது என்பதுகூடத் தகராறு. இரண்டு படைகளும் பிரிந்து வேறு வேறு பக்கம் போயின. ஃபிரெடெரிக் இதைத் தன் வம்சத்துக்கு நேர்ந்த அற்புதம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ரஷ்யர்களும் ஆஸ்திரியர்களும் பெர்லினுக்குள் உண்மையிலேயே நுழைந்தார்கள். பணம் வசூலித்துக்கொண்டு சில நாளில் கிளம்பிவிட்டார்கள்.

இன்னொரு தாங்குதூண் பிரிட்டனின் பணம். பிரிட்டனின் போரை நடத்திய அமைச்சர் வில்லியம் பிட் 1758-ல் போட்ட ஒப்பந்தப்படி பிரஷ்யாவுக்கு ஆண்டுக்கு 6,70,000 பவுண்டு போனது. மேற்கு ஜெர்மனியில் பிரன்ஸ்விக் ஃபெர்டினாண்டின் தலைமையில் தனியாக ஒரு படையையும் பிரிட்டன் சம்பளம் தந்து வைத்திருந்தது. பிரெஞ்சுப் படையை ஜெர்மனியில் கட்டிப்போட்டால் கடலுக்கும் குடியேற்றங்களுக்கும் செலவழிக்கப் பிரான்சிடம் மிச்சம் இருக்காது. அமெரிக்காவை ஜெர்மனியில் வென்றோம் என்று பிட் பின்னால் நாடாளுமன்றத்தில் பெருமையாகவே சொன்னார்.

யார் கப்பல் முதலில் வரும்?

கடல் தாண்டிய சண்டைகளில் எனக்கு மறக்க முடியாத காட்சி ஒன்று இரண்டு கண்டங்களில் இரண்டு முறை நடந்தது.

முதலில் சென்னை. 1758 ஏப்ரலில் லாலி பிரெஞ்சுப் படையோடு புதுச்சேரியில் இறங்கினார். ஜூன் 2-ல் கடலூர் அருகே இருந்த புனித டேவிட் கோட்டை அவரிடம் விழுந்தது. அடுத்தது சென்னை என்று துடித்தார். கையில் பணமில்லை. கப்பல்படைத் தலைவர் தாஷே ஆங்கிலேய அட்மிரல் போகாக்கோடு மோதி அடிபட்டு, கூட வர மறுத்தார். ஆகவே பழைய பாக்கியைக் கேட்டுத் தஞ்சாவூர் மீது படையெடுத்தார் லாலி. பணமும் கிடைக்கவில்லை, ஊரும் விழவில்லை, பட்டினியோடு திரும்பினார். ஹைதராபாத்தில் நிஜாம் சலாபத் ஜங்குக்குத் துணையாகப் பல ஆண்டுகள் இருந்து செல்வாக்கை வளர்த்திருந்த புஸ்ஸியையும் திரும்ப அழைத்துக்கொண்டார். புஸ்ஸி இல்லாத இடைவெளியில் ஆங்கிலேயர் மசூலிப்பட்டினத்தைப் பிடித்தார்கள். சலாபத் ஜங் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். என் பார்வையில் லாலி செய்த பெரிய பிழை இதுதான்.

1758 டிசம்பரில் சென்னை முற்றுகை தொடங்கியது. புனித ஜார்ஜ் கோட்டை மதில்கள் இரண்டு மாதம் அடி வாங்கின. வெளியே யூசுப் கானும் அவருடைய சிப்பாய்களும் பிரெஞ்சுக்காரரின் தானிய வண்டிகளை வழிமறித்துக்கொண்டே இருந்தார்கள். (நாம் மருதநாயகம் என்று சொல்கிற அதே யூசுப் கான்தான், 1764-ல் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டதும் இங்கே அவர் துணை நின்ற இதே ஆங்கிலேயர் தரப்புதான்.) 1759 பிப்ரவரி 16 மாலை கடலில் பாய்கள் தெரிந்தன. ஆங்கிலேயக் கப்பல்கள். மறுநாள் லாலி முற்றுகையை விட்டுக் கிளம்பினார்.

அடுத்தது கியூபெக். 1759 செப்டம்பர் 13-ல் ஊருக்கு வெளியே நடந்த சண்டையில் ஆங்கிலேயத் தளபதி உல்ஃபும் பிரெஞ்சுத் தளபதி மொன்கால்மும் இருவருமே உயிரிழக்கும்படி காயப்பட்டார்கள். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கதை அதோடு முடிந்ததாகப் பலர் நினைப்பார்கள். 1760 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை திரும்பி வந்து அதே ஊருக்கு வெளியே ஆங்கிலேயரைத் தோற்கடித்து முற்றுகை போட்டது. பனி உருகி ஆறு திறந்ததும் முதலில் வரும் கப்பலில் எந்தக் கொடி பறக்கிறது என்று இரண்டு தரப்பும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். மே மாதம் வந்தது பிரிட்டிஷ் கொடி. செப்டம்பரில் மாண்ட்ரியால் சரணடைந்தது, பிரெஞ்சுக் கனடா முடிந்தது.

கியூபெக்குக்கு ஏன் பிரிட்டிஷ் கப்பலே வந்தது? 1759 நவம்பர் 20-ல் பிரான்சின் மேற்குக் கரையில் கிபெரோன் விரிகுடாவில், புயல் காற்றுக்கு நடுவே பிரெஞ்சுக் கப்பல்படையைத் துரத்தி நாசமாக்கினார் அட்மிரல் ஹாக். அதன்பிறகு பிரான்ஸ் தன் குடியேற்றங்களுக்கு ஆளோ பணமோ அனுப்புவது ஏறக்குறைய முடியாத காரியம் ஆயிற்று. இந்தியக் கடலில் தாஷே அதற்கு முன்பே, 1759 இலையுதிர் மாதங்களில், மொரீஷியஸுக்குப் போய்விட்டார். திரும்பவே இல்லை.

இப்போது வந்தவாசியைப் பாருங்கள். சம்பளம் மாதக்கணக்கில் வராமல் 1759 அக்டோபரில் பிரெஞ்சு வீரர்களே கலகம் செய்திருந்தார்கள். ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் பிடித்திருந்த வந்தவாசிக் கோட்டையை மீட்க லாலி வந்தபோது, 1760 ஜனவரி 22 அன்று வெளியே வெட்டவெளியில் சண்டை நடந்தது. பிரெஞ்சுப் படை உடைந்தது, புஸ்ஸி பிடிபட்டார். ஆற்காடு, காரைக்கால் என்று ஒவ்வொன்றாகப் போயின. லாலி மைசூரின் ஹைதர் அலியிடம் துணை கேட்டார். ஹைதர் படை அனுப்பினார், ஆனால் மைசூரிலேயே அவருக்கு எதிராகக் குழப்பம் வெடிக்க, படை திரும்பிப் போனது.

புதுச்சேரி முற்றுகையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். உணவு தீர்ந்துகொண்டே வந்தபோது லாலி ஊருக்குள் இருந்த தமிழ் மக்களை வெளியேற்றினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் வரிசையைத் தாண்ட விடவில்லை. சொந்த ஊருக்கும் எதிரிப் படைக்கும் நடுவே பல நாட்கள் சோறின்றிக் கிடந்தபிறகே வழிவிட்டார்கள். 1761 ஜனவரி 1-ல் அடித்த புயலில் ஆங்கிலேயரின் காவல் கப்பல்கள் பல மூழ்கின. சில நாள் கடல் திறந்து கிடந்தது. பிரெஞ்சுக் கப்பல் எதுவும் வரவில்லை. ஜனவரி 16-ல் ஊர் சரணடைந்தது. கால் நூற்றாண்டு அந்த ஊரின் ஒவ்வொரு நாளையும் தமிழில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதம்தான். புனித டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலாகப் புதுச்சேரியை ஆங்கிலேயர் தரைமட்டம் ஆக்கினார்கள். லாலியைத் துரோகி என்று சொல்லி 1766-ல் பாரிசில் தலையை வெட்டினார்கள். கப்பல் அனுப்ப முடியாத அரசு, தோற்ற தளபதி மேல் பழியைப் போட்டது.

முடிந்த விதம்

1761 முடிவில் ஃபிரெடெரிக் மறுபடி விளிம்புக்கு வந்திருந்தார். பிரிட்டனில் புது அரசர், பிட் பதவி விலகிவிட்டார், பண உதவி நிற்கப் போகிறது. அப்போது, 1762 ஜனவரி 5-ல், ரஷ்யப் பேரரசி எலிசபெத் இறந்தார். அடுத்து வந்த மூன்றாம் பீட்டர் ஃபிரெடெரிக்கைத் தெய்வமாகக் கொண்டாடியவர். மே மாதமே சமாதானம் செய்து, பிடித்த நிலத்தைத் திருப்பித் தந்தார். ஜூலையில் மனைவி காதரின் அவரைக் கவிழ்த்தார். ஆனால் காதரினும் பிரஷ்யாவோடு மறுபடி போருக்குப் போகவில்லை. ஒரே ஒரு சாவால் கூட்டணியின் ஒரு கால் உடைந்தது.

1762-ல் தாமதமாகப் பிரான்சோடு சேர்ந்த ஸ்பெயின் சில மாதங்களிலேயே ஹவானாவையும் மணிலாவையும் இழந்தது. மணிலாவைப் பிடித்த படை கிளம்பியது சென்னையிலிருந்து. அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். அங்கேயே தங்கிவிட்ட சிப்பாய்களின் வழிவந்தவர்கள் என்று மணிலாவுக்கு அருகே கயின்டா ஊரில் இன்றும் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.

1763 பிப்ரவரி 10-ல் பாரிசிலும், ஐந்து நாள் கழித்து சாக்சனியில் ஹூபர்டஸ்பர்க்கிலும் ஒப்பந்தங்கள். ஐரோப்பாவில் பல லட்சம் பேர் இறந்தபிறகு எல்லைகள் 1756-ல் இருந்த இடத்துக்கே வந்தன, சிலேசியா பிரஷ்யாவிடமே. கடலுக்கு அப்பால் எல்லாம் மாறியது. கனடா பிரிட்டனுக்கு. சர்க்கரை விளையும் குவாதலூப் தீவைப் பிரான்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டது. பாரிசில் பலருக்கு அது கனடாவைவிட மதிப்பானது. பிரிட்டனின் கடன் ஏழரைக் கோடி பவுண்டிலிருந்து பதின்மூன்று கோடியைத் தாண்டியது. அந்தச் சுமையில் ஒரு பங்கை அமெரிக்கர் மேல் வரியாகப் போட்டதிலிருந்துதான் அடுத்த சண்டை கிளம்பியது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 11-வது பிரிவில் நம் பக்கத்துப் பெயர்கள் இரண்டு வரும். முகமது அலியே கர்நாடகத்தின் முறையான நவாப், சலாபத் ஜங்கே தக்காணத்தின் முறையான அதிபதி என்று பிரிட்டனும் பிரான்சும் ஏற்றுக்கொண்டன. அந்த நேரத்தில் சலாபத் ஜங் தம்பியிடம் பதவியை இழந்து சிறையில் இருந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். ஓஹையோவின் பழங்குடி மக்களுடைய நிலம் கைமாறியது, அவர்களுடைய பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. முகமது அலிக்குப் பெயரும் பதவியும் நிலைத்தன. புதுச்சேரி முற்றுகையின் செலவை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. அந்தக் கடனை அடைக்க அவர் மேலும் கடன் வாங்கினார், ஜில்லாக்களின் வரி வசூலை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். 1801-ல், அவர் பேரன் காலத்தில், கர்நாடகம் முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது.